இடுப்பு உயரத்திலிருந்து விழும் பெட்டி

சில ஆண்டுகளுக்கு முன் நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கையில், மதுரையை அடுத்த விளாச்சேரியில் ஒரு தசாவதார செட் வாங்கிப் பெங்களூரிலுள்ள தங்கைக்குக் கூரியரில் அனுப்பினேன். சுட்ட களிமண்ணில் பத்துப் பொம்மைகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் நெருக்கி அடுக்கி, இடுக்குகளில் தெர்மோகோல் துண்டுகளைச் செருகினேன். வெளியே நான்கு பக்கமும் சிவப்பு மையில் ‘கண்ணாடி – கவனம்’ என்று எழுதினேன். களிமண் என்று எழுதுவதைவிடக் கண்ணாடி என்று எழுதினால் பயந்து தொடுவார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் தங்கை போன் செய்தாள். “அண்ணே, பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா வாமனருக்குக் குடை போச்சு. பலராமர் கலப்பை ஒடஞ்சிருக்கு. கூர்மத்துக்கு ஒண்ணும் ஆகல.”

கூரியர் அலுவலகத்தில் சண்டைக்குப் போனேன். அங்கிருந்தவர் நிதானமாக, “பெட்டி அடிபட்டிருக்கா சார்? இல்லையே. அப்ப உள்ள பேக்கிங்தான் சரியில்ல” என்றார். அன்று அது தட்டிக்கழிக்கும் பேச்சாகவே பட்டது. ஆனால் பெட்டியின் ஒரு மூலைகூட நசுங்காதபோது உள்ளே இருப்பது மட்டும் எப்படி உடைந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. விடை தேடிப் போனபோதுதான், இதற்கென்றே ஒரு பொறியியல் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக வளர்ந்து நிற்பது தெரிந்தது. சின்னப் பார்சல்கள் வழியில் என்னென்ன அடி வாங்குகின்றன, எவை பிழைக்கின்றன, எவை பிழைப்பதில்லை என்பதைப் பற்றி அந்தத் துறை சொல்வதையே இங்கே தொகுத்திருக்கிறேன். அந்த அலுவலர் சொன்னது பெரும்பாலும் சரி என்பதுதான் நான் வந்து சேர்ந்த இடம்.

விரைவுப் பார்சலின் இன்றைய வடிவம் 1973 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் தொடங்கியது எனலாம். ஃபெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் அன்றிரவு 14 சிறு விமானங்களில் 25 நகரங்களுக்கு 186 பார்சல்களைக் கொண்டு சேர்த்தது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போவதானாலும் எல்லாப் பார்சலும் ஒரே மையத்துக்கு இரவில் வந்து, பிரிக்கப்பட்டு, விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு. இந்தியாவில் அஞ்சல் துறையின் ஸ்பீடு போஸ்ட் 1986 ஆகஸ்ட் 1-இல் வந்தது. தனியார் கூரியர்களும் ‘ஹப்’ வைத்துத்தான் இயங்குகின்றன. வேகத்துக்கு இது அருமையான வழி. ஆனால் ஒவ்வொரு மையமும் ஒரு பெட்டியை இன்னும் ஒருமுறையாவது இறக்கி ஏற்றும் இடம். வீட்டு வாசலில் வாங்குவது, கிளை அலுவலகத்தில் வைப்பது, வேனில் ஏற்றுவது, மையத்தில் இறக்குவது, பிரிப்பது, மறுபடி ஏற்றுவது என்று எண்ணிக்கொண்டே போனால், ஒரு சாதாரணப் பார்சல் பத்துக் கைகளுக்கு மேல் மாறிவிடும். இரண்டு நாள் பயணத்தில் பெட்டி அடிபடுவது பெரும்பாலும் சாலையில் ஓடும் நேரத்தில் இல்லை, இந்தக் கைமாற்றங்களில்தான்.

மையத்துக்குள் கை குறைவு, இயந்திரம் அதிகம். கன்வேயர் பெல்ட்டில் ஓடிவரும் பெட்டியின் பார்கோடை ஒரு கண் படிக்கிறது. உரிய இடம் வந்ததும் அது ஓடும் தட்டு சாய்ந்து, அல்லது குறுக்குப் பெல்ட் சுழன்று, பெட்டியைப் பக்கத்திலுள்ள சறுக்கில் தள்ளிவிடுகிறது. சறுக்கின் அடியில் ஏற்கெனவே வந்து கிடக்கும் பெட்டிகளின் மேல் அது போய் மோதுகிறது. அதன் பிறகு வருவது அதன் மேல் மோதுகிறது. ஒரு கிலோ பெட்டிக்குப் பின்னால் இருபது கிலோ பெட்டி சறுக்கி வரலாம். இதில் யாருடைய கோபமும் இல்லை, அலட்சியமும் இல்லை. அப்படித்தான் அந்த இயந்திரம் வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். மிகச் சிறிய பார்சல்களுக்கு இன்னொரு கதியும் உண்டு. பெல்ட்டில் தனியாக விட்டால் இடுக்கில் சிக்கும், தொலையும் என்பதால் அவற்றை மொத்தமாக ஒரு சாக்குப் பைக்குள் போட்டுக் கட்டுகிறார்கள். அதற்குப் பிறகு அடிபடுவது அந்தப் பை முழுவதும்.

இனி விழுதல். பார்சலுக்கு நேரும் தீங்குகளில் பெரியது அதுதான். பயணத்தில் பெட்டி எத்தனை தடவை, எவ்வளவு உயரத்திலிருந்து, எந்தப் பக்கமாக விழுகிறது என்பதை ஊகிக்க வேண்டிய நிலை இப்போது இல்லை. அதிர்ச்சியை அளந்து பதிவு செய்யும் சிறு கருவிகளைப் பெட்டிக்குள் வைத்து நிஜமான கூரியரிலேயே அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். பேக்கேஜிங் படிப்புக்கென்றே தனிப் பள்ளி வைத்திருக்கும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். இத்தகைய அளவீடுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. பெட்டி எவ்வளவு லேசோ அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது.

யோசித்தால் இதில் வியப்பில்லை. முப்பது கிலோ பெட்டியை ஒருவர் குனிந்து, இரண்டு கையாலும் அணைத்து, தரையை ஒட்டித்தான் நகர்த்துவார். கை நழுவினாலும் முழங்கால் உயரம்தான் விழும். ஒரு கிலோ பெட்டியை ஒரே கையில் மார்பு உயரத்தில் பிடித்திருப்பார். இரண்டடி தள்ளி இருக்கும் கூண்டுக்குள் அதை வீசத்தான் கை போகும். சின்னப் பெட்டியை வீச முடியும் என்பதே அதன் ஆபத்து. ‘சின்னதுதானே, லேசானதுதானே, என்ன ஆகிவிடும்’ என்று நாம் குறைவாகப் பொதிகிறோம். அங்கே அதற்குத்தான் அதிகமாகப் பொதிந்திருக்க வேண்டும்.

இந்த உண்மை சோதனை விதிகளிலும் ஏறியிருக்கிறது. பீங்கான் பூச்சுப் பொருள்கள் வழியில் பெயர்ந்து போவதைத் தடுக்க 1948-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் கூடித் தொடங்கிய அமைப்பு பின்னாளில் சர்வதேசப் பாதுகாப்பான போக்குவரத்துச் சங்கமாக வளர்ந்தது. ஆங்கில முதலெழுத்துகளால் அதை ‘இஸ்டா’ என்பார்கள். அதன் எளிய விதியான 1ஏ-யில், பத்துக் கிலோவுக்கு உட்பட்ட பெட்டியை 76 சென்டிமீட்டரிலிருந்து போட வேண்டும். எடை ஏற ஏற உயரம் குறைந்து, 45 கிலோவைத் தாண்டினால் 20 சென்டிமீட்டர்தான். மொத்தம் பத்து வீழ்ச்சிகள்: ஒரு மூலையில் ஒன்று, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகளில் ஒவ்வொன்று, ஆறு முகங்களிலும் ஒவ்வொன்று. கூரியருக்கென்று எழுதிய 3ஏ விதி இன்னும் நுணுக்கமானது. நான்கரைக் கிலோவுக்கும் 35 சென்டிமீட்டர் நீளத்துக்கும் மேற்படாத பெட்டிகளைச் ‘சிறியவை’ என்று தனியாக வகுத்து, அவை பைக்குள் போடப்பட்டே பயணம் செய்யும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

76 சென்டிமீட்டர் என்பது ஒரு சாப்பாட்டு மேசையின் உயரம். அங்கிருந்து விழும் பெட்டி தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர். நிதானமாகப் போகும் சைக்கிளின் வேகம். உடைப்பது அந்த வேகம் இல்லை, அது எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பது. ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், பொருளின் மேல் அதன் சொந்த எடையைப்போல் சராசரியாக 760 மடங்கு விசை விழும். அரைக் கிலோ பொம்மையின் மேல் 380 கிலோ ஏறி உட்கார்ந்த மாதிரி. இரண்டு சென்டிமீட்டர் நசுங்கிக்கொண்டே நிற்க இடம் கொடுத்தால் அது 38 மடங்காகிவிடும், பத்தொன்பது கிலோ. நிஜத்தில் விசை சீராக இருக்காது. உச்சம் இந்தச் சராசரியைப்போல் இரண்டு மடங்கு வரை போகலாம். கணக்கு மாறினாலும் சாரம் மாறாது. பேக்கிங் என்பது பொருளுக்கு நிற்கத் தூரம் கொடுக்கும் வேலை. மெத்தென்று இருப்பது அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

பொறியாளர்கள் இந்த மடங்கை ‘ஜி’ என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாங்குமளவு உண்டு. மிக நுண்ணிய அளவுக்கருவிகள் 15 முதல் 25 ஜி-யிலேயே கெட்டுப்போகலாம். 115 ஜி-க்கு மேல் தாங்கினால் அது முரட்டுப் பொருள். இந்த எண் தெரியாமல் பெட்டி கட்டுவது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது போல.

இப்போது வாமனரின் குடைக்கு வருகிறேன். 1945-இல் ரேமண்ட் மின்ட்லின் என்ற அமெரிக்கப் பொறியாளர் ‘பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னல்’ இதழில் பொதி மெத்தைகளின் இயக்கவியல் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இந்தத் துறையின் அடித்தளம் அதுதான். பெட்டிக்குள் இருப்பதை ஒரே கட்டியாக அவர் பார்க்கவில்லை. மெத்தை ஒரு ஸ்பிரிங். அதன் மேல் பொருள். பொருளுக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உறுப்பு இன்னொரு ஸ்பிரிங். வெளியே விழுந்த அடி மெத்தை வழியாகப் பொருளுக்குப் போய், அங்கிருந்து உறுப்புக்குப் போகும்போது குறையவும் செய்யலாம், பெருகவும் செய்யலாம். உறுப்பின் இயல்பான ஆட்டமும் வந்த அடியின் கால அளவும் ஒத்துப்போனால் பெருகும். கூர்மம் தப்பித்ததும் வாமனரின் குடையும் பலராமரின் கலப்பையும் போனதும் இதனால்தான். ஆமை ஒரே கட்டி. குடையோ மெல்லிய காம்பின் நுனியில் கனமான களிமண். பெட்டி நின்ற பிறகும் அந்த நுனி நிற்காமல் ஆடியிருக்கிறது. அடி வாங்கிய தடம் பெட்டியில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

1968-இல் ராபர்ட் நியூட்டன் என்பவர் இதை இன்னும் தெளிவாக்கினார். சேதம் நேர இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேற வேண்டும் என்று அவர் வரைபடமாகக் காட்டினார். வேக மாற்றம் ஓர் எல்லையைத் தாண்ட வேண்டும், ஜி-யும் ஓர் எல்லையைத் தாண்ட வேண்டும். ஒன்று மட்டும் தாண்டினால் பொருள் பிழைக்கும். ஆகவே, மிகத் தாழ்ந்த உயரத்திலிருந்து கெட்டியான தரையில் டக்கென்று விழுந்து ஜி எகிறினாலும் பொருள் தப்பிக்கலாம். உயரத்திலிருந்து விழுந்தாலும் நல்ல மெத்தை இருந்தால் தப்பிக்கலாம். இந்த வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் ஆய்வகங்களில் ஒரு பொருளுக்கு எவ்வளவு மெத்தை போதும் என்று தீர்மானிக்கிறார்கள். போதும் என்ற சொல் இங்கே முக்கியம். அளவுக்கு மேல் பொதிவதும் பிழைதான்.

மெத்தை விஷயத்தில் பலரும் செய்யும் தவறு, நானும் செய்தது, கெட்டியானது காப்பாற்றும் என்று நம்புவது. நுரைப்பொருளின் நடத்தையை வரைந்தால் அது கிண்ணம் போன்ற வளைகோடாக வரும். மெத்தையின் பரப்புக்கு ஏற்ற எடை அதன் மேல் இல்லாவிட்டால் அது நசுங்கவே நசுங்காது. தரையைப் போலவே நடந்துகொள்ளும். எடை மிகுந்தால் ஒரேயடியாக நசுங்கி அடித்தட்டில் மோதும். நடுவில் ஒரு குறுகிய இடத்தில்தான் அது மெத்தையாக இருக்கும். நான் நூற்றைம்பது கிராம் பொம்மைகளைச் சுற்றித் தெர்மோகோலை இறுக்கிச் செருகியபோது, களிமண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு சுவரைத்தான் எழுப்பியிருந்தேன். தெர்மோகோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு தடவை நசுங்கினால் பழையபடி முழுதாக எழும்பாது. முதல் வீழ்ச்சியைத் தாங்கிய துண்டு ஐந்தாவது வீழ்ச்சியில் பாதி மெத்தைதான். அதற்குள் பெட்டிக்குள் இடைவெளியும் உண்டாகி, பொருள் ஆடத் தொடங்கியிருக்கும்.

விளாச்சேரியில் பொம்மை விற்ற அம்மா ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். குயவர்கள் பானையை வண்டியில் அடுக்கும்போது இடையில் வைக்கோல் கொடுப்பதும், மாம்பழக் கூடையில் வைக்கோல் பரப்புவதும் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. உள்ளே காற்றுள்ள ஆயிரம் மெல்லிய குழல்கள். ஒவ்வொன்றாக வளைந்து, நசுங்கி, அடியைத் தின்றுவிடும். லேசான பொருளுக்கும் அது இளகிக் கொடுக்கும். ஈரம், பூச்சி, நாடு விட்டு நாடு போகையில் தாவரப் பொருளுக்கான தடை என்று அதன் குறைகள் வேறு. தாங்கும் திறத்தில் அது குறைந்ததில்லை.

குமிழி உறை எனப்படும் பபிள் ராப் 1957-இல் நியூஜெர்சியில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் இருவரும் சுவரில் ஒட்டும் மேடுபள்ளத் தாள் ஒன்றைச் செய்யப் போய்க் கிடைத்தது. சுவருக்கு அது எடுபடவில்லை. 1960-இல் அவர்கள் தொடங்கிய சீல்ட் ஏர் நிறுவனம், ஐபிஎம் தன் 1401 கணினிகளை அனுப்ப அதைப் பயன்படுத்திய பிறகுதான் நிலைபெற்றது. லேசான பொருளுக்கு அது நல்லது. கனமான பொருளைச் சுற்றினால் முதல் அடியிலேயே குமிழிகள் வெடித்து வெறும் பிளாஸ்டிக் தாள்தான் மிஞ்சும்.

எனக்கு மிகவும் பிடித்த வடிவம் முட்டைத் தட்டு. 1911-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோசப் காயில் என்ற பத்திரிகைக்காரர் முட்டைக்குத் தனித்தனி அறை வைத்த காகிதப் பெட்டியைக் கண்டுபிடித்தார். பண்ணைக்காரருக்கும் ஓட்டல்காரருக்கும் உடைந்த முட்டை பற்றி நடந்த தகராறுதான் அதற்குக் காரணம் என்பார்கள். இன்று நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாகப் போகும் முப்பது முட்டைக் காகிதக்கூழ்த் தட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முட்டையின் அடி தட்டைத் தொடாது. தோள்பட்டையில்தான் தாங்கி நிற்கும். எந்த முட்டையும் இன்னொன்றைத் தொடாது. விசை ஒரு புள்ளியில் விழாமல் வளையமாகப் பரவும். ஒரு ரூபாய்க் கழிவுக் காகிதத்திலும் பொறியியல் செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பெட்டிக்கு வருவோம். நெளி அட்டை 1856-இல் இங்கிலாந்தில் உயரத் தொப்பிகளுக்கு உள் பட்டையாகத்தான் காப்புரிமை பெற்றது. 1871-இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் பாட்டில்களையும் விளக்குச் சிமினிகளையும் சுற்ற அதைப் பயன்படுத்தினார். 1890 வாக்கில் ராபர்ட் கேர் ஒரே அடியில் வெட்டி மடிக்கும் பெட்டியைக் கொண்டுவந்தார். நம் கடைகளில் இதை மூன்று ப்ளை, ஐந்து ப்ளை என்று கேட்டு வாங்குகிறோம். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஒரு நெளிவு இருந்தால் மூன்று. மூன்று தாள்களுக்கு நடுவே இரண்டு நெளிவுகள் இருந்தால் ஐந்து. அடுக்கி வைக்கும்போது பெட்டி எவ்வளவு தாங்கும் என்பதை அட்டையின் விளிம்பு வலிமை, கனம், பெட்டியின் சுற்றளவு ஆகிய மூன்றைக் கொண்டே கணக்கிடும் சூத்திரத்தை 1963-இல் மெக்கீயும் அவருடைய தோழர்களும் விஸ்கான்சின் மாநிலத்துக் காகித வேதியியல் கழகத்திலிருந்து வெளியிட்டார்கள்.

அந்தச் சூத்திரம் உலர்ந்த அட்டைக்கானது. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை எட்டினால் அட்டைப்பெட்டி தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் கிடங்கில் ஓரிரவு கிடந்த பெட்டி காலையில் தொட்டால் சொதசொதவென்று இருப்பதை அங்கே வேலை செய்கிறவர்கள் அறிவார்கள். ஒரு தடவை பயன்படுத்திய மளிகைப் பெட்டியில் மறுபடி அனுப்புவது நம் வழக்கம். செலவு மிச்சம், மரமும் மிச்சம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூலைகள் மடங்கிய பெட்டியில் நெளிவுகள் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். மூலைதான் பெட்டியின் எலும்பு. இன்னொரு விஷயம், பெட்டி மூலையில் விழுந்தால் பார்க்கப் பயங்கரமாக நசுங்கும், உள்ளிருப்பது பெரும்பாலும் தப்பும். மூலை நசுங்கும் தூரமே மெத்தையாகிவிடுகிறது. தட்டையாக முகத்தில் விழுந்தால் பெட்டியில் கீறல்கூட இருக்காது, உள்ளே அடி மிகக் கடுமையாக இறங்கும். என் தங்கையின் பெட்டிக்கு நடந்தது அநேகமாக அதுதான்.

வண்டியின் அதிர்வு சத்தமில்லாமல் கெடுக்கும். ஸ்பிரிங், டயர், சட்டம் என்று லாரியின் ஒவ்வொரு பாகமும் தனக்கென்று ஒரு ஆட்டம் வைத்திருக்கிறது. பல மணி நேரம் அது பெட்டிக்குள் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பொருள்கள் உரசினால் பூச்சு போகும், திருகு தளரும், மூடி கழலும். ஊறுகாய் பாட்டில் ஒழுகி வருவதற்கு யாரோ அதைப் போட்டதுதான் காரணம் என்று நினைக்கிறோம். பல நேரம் மூடி தானாகவே கழன்றிருக்கும். விமானத்தில் காற்றழுத்தக் குறைவும் சேர்ந்துகொள்ளும். பெரிய சரக்கு விமானங்களில் அழுத்தம் ஓரளவு காக்கப்படும். சிறு ஊர்களுக்குப் போகும் செஸ்னா கேரவன் போன்ற சிறு விமானங்களில் அந்த ஏற்பாடு இல்லை. 14,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. உள்ளே அடைபட்ட காற்று வெளியேறப் பார்க்கும். பொடிப் பாக்கெட்டு பலூனாகும், எண்ணெய் மூடியின் விளிம்பில் கசியும். பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பாமல் இடம் விட்டு, மூடியின் மேல் டேப் சுற்றி, தனிப் பையில் கட்டி அனுப்பும் வீட்டுப் பெண்களின் பழக்கம் முற்றிலும் சரியானது.

உடையவே கூடாத பார்சல்களும் உண்டு. ரத்த மாதிரி, சளி மாதிரி போன்ற நோய் ஆய்வுப் பொருள்கள் யுஎன் 3373 என்ற எண்ணுடன் விமானத்தில் போகின்றன. ஒழுகாத குப்பி, அதைச் சுற்றி உறிஞ்சும் பொருள், ஒழுகாத இரண்டாம் உறை, வெளியே உறுதியான பெட்டி என்று மூன்றடுக்கு கட்டாயம். பொதி 1.2 மீட்டர் வீழ்ச்சியைத் தாங்க வேண்டும். உட்கலன் அல்லது இரண்டாம் உறை 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும். லித்தியம் பேட்டரிகளுக்கும் அதே 1.2 மீட்டர்தான். மனிதர் மார்பு உயரத்தில் தூக்கிய பெட்டி நழுவத்தான் செய்யும் என்பதை இந்த விதிகள் மறைக்காமல் ஏற்றுக்கொள்கின்றன. ‘பார்த்துக் கையாளுங்கள்’ என்ற வேண்டுகோளின் மேல் அவை எதையும் நிறுத்தவில்லை.

அந்த வேண்டுகோளைப் பற்றி நேராகவே பேசிவிடலாம். ஒயின் கோப்பை, குடை, மேல்நோக்கிய அம்பு ஆகிய குறிகள் ஐஎஸ்ஓ 780 என்ற சர்வதேசத் தரத்தில் இருக்கின்றன. மொழி தெரியாத துறைமுகத்திலும் அவை புரியும். தனியாகக் கையாளப்படும் பெரிய சரக்குக்குப் பயனுள்ளவை. விரைவுக் கூரியரின் பெல்ட்டில் பார்கோடு படிக்கும் கண்ணுக்கு ஒயின் கோப்பை தெரியாது. 2010-இல் அமெரிக்காவின் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழ் அதிர்ச்சி அளக்கும் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூன்று சேவைகளில் அனுப்பிப் பார்த்தபோது, ‘உடையக்கூடியது’ என்று எழுதிய பெட்டிகள் எழுதாதவற்றைவிட அதிகமாக அடிபட்டன. அனுப்பியவை கொஞ்சம்தான், அதைக் கொண்டு எல்லா ஊருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எழுத்து காப்பாற்றும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பது உறுதி. குறிப்பிட்ட ஜி-யைத் தாண்டினால் சிவப்பாக மாறும் ஒட்டுப்பட்டைகள் வேறு வகை. அவை பெட்டியைக் காப்பதில்லை. எங்கோ அடி விழுந்ததைப் பெறுபவருக்குக் காட்டுகின்றன. மருத்துவக் கருவி அனுப்புகிறவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

எல்லாவற்றுக்கும் தொழிலாளர்தான் காரணம் என்போர் இருக்கிறார்கள். 2011 டிசம்பரில் அமெரிக்காவில் டெலிவரிக்கு வந்த ஒருவர் கணினித் திரைப் பெட்டியை வேலிக்கு மேலாக எறிந்த காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. அது தவறுதான், நிறுவனமும் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த ஒரு காட்சியை வைத்து இந்தக் கேள்வியை முடித்துவிடுவதை நான் ஏற்கவில்லை. லாரி குறித்த நேரத்தில் கிளம்ப வேண்டும், அதற்குள் இத்தனை நூறு பெட்டி ஏற வேண்டும் என்று கணக்கை வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் பூப்போல வை என்று சொல்வது நியாயமில்லை. மறுநாளே வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். அந்த அவசரம்தான் இரவு இரண்டு மணிக்கு ஒரு லோடுமேனின் கையில் போய் நிற்கிறது. மையங்களில் சறுக்கின் சரிவைக் குறைக்கலாம், அடியில் ரப்பர் போடலாம், தூக்கும் உயரத்தைக் குறைக்கலாம். இதையெல்லாம் செய்ய வேண்டியது நிறுவனம், தொழிலாளி இல்லை.

நிறுவனங்களின் கட்டண முறையும் ஒரு பக்கம் இழுக்கிறது. விமானக் கூரியரில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்வது வழக்கம். உண்மை எடையைவிட அது கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் பணம். பொருளைச் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் மெத்தை வேண்டும் என்று அதே கூரியர்கள்தான் அறிவுரை சொல்கின்றன. பத்து சென்டிமீட்டர் கனசதுரப் பொருளுக்கு அந்த மெத்தையைக் கொடுத்தால் பெட்டி இருபது சென்டிமீட்டராகிவிடும், கன அளவு எட்டு மடங்கு. 200 கிராம் பொருள் 1.6 கிலோவுக்கான கட்டணத்தில் போகும். அனுப்புகிறவர் பெட்டியைச் சுருக்குவதும், மெத்தை குறைவதும், பொருள் உடைவதும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. உடைந்த பிறகு ரசீதின் பின்புறத்துச் சிறிய எழுத்து, பேக்கிங் போதாமையால் நேர்ந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும். குறைந்த எடையும் உடையும் தன்மையும் சேர்ந்த பொருள்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு தளர்வு தருவது கூரியர் நிறுவனங்களுக்கு முடியாத காரியம் இல்லை. கைவினைஞர்களின் பொருள்களுக்காவது அதைத் தர வேண்டும்.

பொம்மை செய்கிறவர்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. பேக்கேஜிங் பொறியாளர்கள் அடிக்கடி எடுக்கும் முடிவு, பெட்டியைத் தடிப்பாக்குவதைவிடப் பொருளின் பலவீனமான இடத்தைத் திருத்துவது மலிவு என்பது. வாமனரின் குடையைத் தனியாகச் செய்து, கையில் துளை வைத்துச் செருகும்படி கொடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பரசுராமரின் கோடரிக்கும் இராமரின் வில்லுக்கும் இது பொருந்தும். காகிதக்கூழ் பொம்மைகள் ஏன் ஊர் ஊராகப் பத்திரமாகப் போகின்றன என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததுதான்: எடை இல்லாததால் தம்மைத்தாமே அவை உடைத்துக்கொள்வதில்லை.

போன வருஷம் தங்கைக்கு ஒரு கல்யாண செட் அனுப்பினேன். ஒவ்வொரு பொம்மையையும் வைக்கோலும் பழைய பருத்திப் புடவைத் துண்டும் சேர்த்துத் தளர்வாகச் சுற்றினேன். ஒன்றோடொன்று தொடாமல் அட்டைத் தடுப்பு வைத்தேன். அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள், எல்லாப் பக்கமும் நான்கு விரல் இடைவெளியில் கசக்கிய தாள் நிரப்பி இறக்கினேன். நடு இணைப்பிலும் இரண்டு ஓரங்களிலும் டேப் ஒட்டினேன். குலுக்கிப் பார்த்தேன், சத்தமில்லை. பிறகு, கட்டிய பெட்டியை மேசை உயரத்துக்குத் தூக்கி, சிமெண்டுத் தரையில் விட்டேன். கை நடுங்கத்தான் செய்தது. மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என்று பத்துத் தடவை. திறந்து பார்த்தபோது நாதஸ்வரக்காரரின் குழல் மட்டும் விரிசல் விட்டிருந்தது. அதைத் தனியே பொதிந்து, மறுபடி கட்டி, பெட்டியின் மேல் ஒன்றும் எழுதாமல் அனுப்பினேன். எல்லாம் முழுதாகப் போய்ச் சேர்ந்தன.

உங்கள் பார்சல் உங்கள் கையை விட்டுப் போன பிறகு குறைந்தது ஒரு தடவையாவது விழும். அந்த முதல் வீழ்ச்சி உங்கள் வீட்டுத் தரையிலேயே, உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். புக் செய்யப் போகும் முன் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.